பெட்டி அடுக்கிய கை

ஒஸ்லோ
06.02.2024, செவ்வாய்

அன்புள்ள தம்பி மகேசன்,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை, ஆனாலும் கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா? இருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். சுகமில்லாதவன் என்றால் அக்காவின் போனை எடுத்து முனகவாவது செய்திருப்பான். மூன்று கிழமையாக நீ போன் எடுப்பதில்லை. ஒருநாள் எடுத்தாய், "வேலையாய் நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று வைத்தாய். அந்தப் 'பிறகு' இன்னும் வந்து சேரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான், ஆனால் என் போனில் வருவதையெல்லாம் முதலில் படிப்பவள் சாருகா. தாயும் மாமனும் பிடுங்குப்படுவதை மகள் படிக்க வேண்டாம் என்றுதான் இந்தத் தாளை லொறிக்காரன் லூக்காஸின் கையில் கொடுத்துவிடுகிறேன். கையால் கடிதம் எழுதி எத்தனை வருடம். விரல் நோகிறது, அதையும் உன் பேரிலேயே போட்டுக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி சரியில்லை.

நீ பாட்ஸ்பியோர்ட்டில் இருந்து மீன் அனுப்ப, நான் இந்தக் குறோன்லண்ட் கடையில் திறக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. முதல் நாலைந்து வருடம் நீ அடுக்கிய பெட்டியைப் பார்த்தால் குரங்கு அடுக்கியது போல இருக்கும். பிறகு திருந்திவிட்டாய். மீன் எல்லாம் வயிறு கீழே பார்க்க, தலை எல்லாம் ஒரே பக்கம், ஐஸ் முட்டாமல் கண்ணுக்கு மேலே ஒரு தாள். எங்கள் சனம் வந்தால் முதலில் மீனின் கண்ணைப் பார்க்கும், பிறகுதான் செவுளைக் கிளப்பும். கண் வெளுத்திருந்தால் நேற்றுப் பிடித்ததும் அவர்களுக்குப் போனமாத மீன்தான். அது தெரிந்த கைதான் இப்படி அடுக்கும் என்று நானே உன்னைப் போனில் எத்தனை தரம் புகழ்ந்திருக்கிறேன்.

இப்போது மூன்று கிழமையாக வருகிற பெட்டியைத் திறக்கவே கோபம் வருகிறது. மீன் கண்டபாட்டுக்குக் கிடக்கிறது. ஐஸ் மேலே மட்டும். தாளும் இல்லை, ஒன்றும் இல்லை. கண் எல்லாம் பால் ஊற்றியது போல. கமலாதேவியை உனக்குத் தெரியும்தானே, உன்னோடு அந்தத் தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டியவ. போன சனிக்கிழமை ஒரு தொஷ்க் மீனைத் தலையில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, தம்பிக்குக் கண் தெரியாமல் போச்சோ, இல்லாட்டி மீனுக்கோ?" என்று கேட்டா. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்திருப்பேன் என்று யோசித்துப் பார்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. லோறென்ஸ்கூக்கில் சிவானந்தன் தன் கடைக்குள் மீன் போடத் தொடங்கியிருக்கிறான். அங்கே உன் தொழிற்சாலையின் பெயர் போட்ட பெட்டிகளைக் கண்டதாகச் சொல்கிறார்கள். நல்லது அவனுக்கு, கழிவு எனக்கு, அப்படியா? நீ ஒளிக்கிற ஆள். முன்பு அந்த வெள்ளைக்காரியின் கதையையும் இப்படித்தான் ஒளித்தாய், கடைசியில் நானாகத்தான் கண்டுபிடித்தேன். அது முடிந்த கதை, நான் கிளறவில்லை. ஒளிக்கத் தெரிந்தவன் என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.

பதில் எழுதிப் பிளாஸ்டிக்கில் சுற்றி மேல்பெட்டிக்குள் வை. லூக்காஸிடம் வாய்ச்சொல்லாக ஒன்றும் சொல்லிவிடாதே.

அக்கா
சிவநாயகி


பாட்ஸ்பியோர்ட்
11.02.2024, ஞாயிறு

அக்கா,

கடிதம் கிடைத்தது. லூக்காஸ் வெளிக்கிடப் போகிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மீன் வியாழக்கிழமை வந்த நல்ல மீன். அடுக்கியது புது ஆள், லித்துவேனியாப் பெடியன். அவனுக்குப் பழக்கமில்லை, சொல்லிக்கொடுக்கிறேன். சிவானந்தனுக்கு நான் ஒன்றும் அனுப்பவில்லை. தொழிற்சாலை விற்றிருந்தால் எனக்குத் தெரியாது.

இந்தக் கிழமை சிவப்பு மீன் இல்லை. வெள்ளியில் இருந்து காற்று, படகு ஒன்றும் போகவில்லை. நேற்றும் காற்று. மலைப்பாதையில் நாலு மணித்தியாலம் மறித்து வைத்திருந்தார்கள்.

போன் எடுக்காததற்குக் கோபிக்க வேண்டாம். இப்போது கதைக்க ஏலாது.

மகேசன்


ஒஸ்லோ
20.02.2024, செவ்வாய்

மகேசன்,

உன்னுடைய பத்து வரிக் கடிதத்தைப் பத்துத் தரம் படித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. என் பெட்டியை ஏன் புது ஆள் அடுக்குகிறான் என்று கேட்டால், அவன் லித்துவேனியா என்கிறாய். அவன் எந்த நாடாக இருந்தால் எனக்கென்ன, நீ எங்கே போனாய் என்பதுதான் கேள்வி. காற்று அடித்தது என்றால் மீன் வராது, அது எனக்கும் விளங்கும். நீ ஏன் மலைப்பாதையில் நாலு மணித்தியாலம் நின்றாய்? தொழிற்சாலைக்கும் உன் அறைக்கும் இடையில் மலை ஏதும் புதிதாக முளைத்திருக்கிறதா?

சரி, தம்பிதானே, வேலைக் களைப்பு, தனியாக இருக்கிறவன் என்று மனம் இளகிப் போனகிழமை லூக்காஸிடம் மீன் கட்லட் நாற்பது கொடுத்துவிட்டேன். கடிதம் வைக்கவில்லை. கட்லட்டே கதைக்கட்டும் என்று விட்டேன். முன்பெல்லாம் நீ லொறிக்கு அருகில் நின்றே ஆறு சாப்பிடுவாய் என்று லூக்காஸ் சொல்லிச் சிரிப்பான்.

இன்று காலையில் வந்தவன் வயிற்றைத் தடவிக் காட்டி, அருமை என்றான். எது என்று கேட்டேன். கட்லட்டாம். முழுவதும் தானே சாப்பிட்டானாம். மகேசன் இப்போது மீன் சாப்பிடுவதில்லை, பாணும் ஜாமும்தான் என்று சொன்னான். சொன்ன கையோடு வாயை மூடிக்கொண்டு பெட்டியை இறக்கத் தொடங்கிவிட்டான். ஏன் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். இன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

நான் இருந்து யோசித்தேன். விரதமா என்றால், சிவராத்திரிக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் கிடக்கிறது, கந்தசஷ்டி ஐப்பசியில். வெள்ளிக்கிழமை என்று விட்டிருந்தாலும் சனிக்கிழமை சாப்பிட்டிருக்கலாம். சாவுத் துடக்குக் காக்கிறாயா என்றால், எங்கள் பகுதியில் சாவு ஒன்றும் இல்லை. இருந்தால் உனக்கு முதல் எனக்குச் செய்தி வந்திருக்கும். டொக்டர் சொன்னாரா என்றால், மீனை விடச் சொல்லி எந்த நாட்டு டொக்டரும் சொல்லமாட்டார். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அந்த மீனைப் பற்றி உனக்கு ஏதோ தெரியும். நீ வாயில் வைக்கமாட்டாத மீனை எனக்கு அனுப்புகிறாய், நான் அதை என் சனத்துக்கு விற்கிறேன்.

இந்தக் கடையில் பிள்ளைத்தாய்ச்சிகள் வாங்குகிறார்கள். பத்தியக் கறிக்கென்று நம்பி வாங்குகிறார்கள். ஒருவருக்கு ஏதும் நடந்தால் என் கடையின் கதவைப் பிறகு பொலிஸ் வந்து பூட்டத் தேவையில்லை, சனமே பூட்டிவிடும்.

தெளிவாக எழுதுகிறேன். மார்ச் பன்னிரண்டாம் தேதி வரும் லொறி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் நீ உண்மையைச் சொல்லவில்லை என்றால் உன் பெட்டி என் கடைக்குள் வராது. துரொம்சோவில் ஒருவர் மீன் தருவதாகக் கேட்டபடி இருக்கிறார். மீன் நின்றால் எங்கள் கதையும் நின்றுவிடும், அதுவும் எனக்குத் தெரியும். வேறு எதற்காக நீயும் நானும் கதைக்கிறோம்?

சிவநாயகி


பாட்ஸ்பியோர்ட்
25.02.2024, ஞாயிறு

அக்கா,

மீனில் ஒரு பிழையும் இல்லை. இந்த ஊரில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது, அதையும் நீங்கள் எடுக்க வேண்டாம். முப்பத்தாறு வருடமாக இந்தத் துறையில் நிற்கிறேன். நான் அனுப்பிய மீனைச் சாப்பிட்டு ஒருவருக்கும் வயிறு நொந்ததில்லை. சாருகா அந்த மீனில்தான் வளர்ந்தாள்.

நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதை விடுங்கள். அது என் வாய். கட்லட்டை லூக்காஸுக்குக் கொடுத்தது பிழைதான், மன்னியுங்கள். பதினொன்றாம் தேதிக்குப் பிறகு அனுப்பினால் சாப்பிடுவேன்.

ஜனவரி நடுவில் இருந்து நான் கொஞ்சநாள் இங்கே நிற்கவில்லை, கிர்க்கெனெஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அதனால்தான் மலைப்பாதை. எதற்கு என்று கேட்க வேண்டாம். கேட்பீர்கள் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

துரொம்சோவில் எடுப்பதென்றால் எடுங்கள். உங்களுக்குக் கெடு வைப்பது பழக்கம். எனக்குக் கெடுவுக்குள் கதைப்பது பழக்கமில்லை. ஆனால் மீன் நின்றால் கதையும் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. எனக்கு இஞ்சை வேறு ஆர் இருக்கினம்?

பெட்டியை இந்தமுறை நான் நின்று பார்த்தேன். கொஞ்சம் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

மகேசன்


ஒஸ்லோ
05.03.2024, செவ்வாய்

தம்பி,

நீ எழுத வேண்டாம் என்று நினைத்த ஒன்றை எழுதிவிட்டாய். அதுவும் மீன் விற்கிற ஒருத்திக்கு எழுதிவிட்டாய்.

முதலில் சிவானந்தனின் கதையைச் சொல்கிறேன். போன வியாழன் கடையைச் சாருகாவிடம் விட்டுவிட்டு பஸ் எடுத்து லோறென்ஸ்கூக்குக்குப் போனேன். தலைக்குத் தொப்பி, வாய்க்குச் சால்வை, ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் அவனுடைய தொஷ்க்கின் செவுளைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறேன், பின்னாலே வந்து "வாங்கோ சிவநாயகி அக்கா, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்கிறான். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது. ஆனாலும் வந்த வேலையை விடவில்லை. இந்தப் பெட்டி மகேசன் அனுப்பியதா என்று நேரே கேட்டேன்.

"இல்லை அக்கா. அவரைக் கேட்டனான்தான். அது என்ரை அக்காவின்ரை கடைக்குப் போற மீன், வேறை ஆருக்கும் தரமாட்டன் எண்டுட்டார். நான் தொழிற்சாலையிலை நேரை எடுக்கிறன்" என்றான். பிறகு குரலை இறக்கி, "மகேசன் அண்ணை இப்ப எப்பிடி இருக்கிறார்? பாவம்" என்றான். ஏன் பாவம் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான். "இல்லை, அங்கை குளிர் எல்லோ" என்று சொல்லிவிட்டு மீனுக்கு ஐஸ் போடப் போய்விட்டான்.

அவன் விஷயத்தில் உன்னைப் பிழையாக நினைத்துவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் போக இரண்டு வந்தது. லூக்காஸுக்குத் தெரிகிறது, சிவானந்தனுக்குத் தெரிகிறது. உன்னோடு கூடப்பிறந்தவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். பதினொன்றாம் தேதிக்குப் பிறகு மீன் சாப்பிடுவாயாம். நாள் குறித்து மீனை, மச்சத்தை விடுகிறவன் யார்? கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்துப் பின்னுக்கு எண்ணினேன். முப்பத்தொன்று. பெப்ரவரி பத்து, சனிக்கிழமை. எந்த வீட்டில் எப்போது சாவு, எப்போது எட்டாம் நாள், எப்போது துடக்குக் கழியும் முப்பத்தொன்றாம் நாள் என்று தெரியாமல் எங்கள் சனத்துக்குள் மீன்கடை நடத்த முடியாது. யார் ஒரு மாதம் வரமாட்டார்கள், யார் அது முடிந்த அன்றைக்குப் படைக்க நல்ல மீனாகக் கேட்டு வருவார்கள் என்று நான் விரலில் வைத்திருக்கிறேன். உன்னுடையதை எண்ண மட்டும் இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

பிறகு பயம் பிடித்தது. ஊருக்கு எடுத்தேன், சின்னம்மா சுகம். கனடாவுக்கு எடுத்தேன். பெரியண்ணை தானே எடுத்து "ஹலோ" என்றார். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்க முடியுமா? சுகமோ என்று கேட்டேன். "ஏன், ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்று அவர் பயந்துபோனார். ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரையும் எண்ணிவிட்டேன். எல்லோரும் இருக்கிறார்கள்.

இன்றைக்கு லூக்காஸை உன் படம் காட்டச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றான். அவனுடைய போனை நானே வாங்கிப் பார்த்தேன். (பறித்தேன் என்று அவன் உனக்குச் சொல்வான், நம்பாதே.) தாடி வளர்த்திருக்கிறாய். நரைத் தாடி. உன்னை அப்படி நான் கண்டதில்லை.

நீ ஒருவருக்குத் துடக்குக் காக்கிறாய். எனக்குச் சொந்தமில்லாத ஒருவருக்கு. யார் மகேசன்? இந்தமுறை கெடுவுக்காகக் கேட்கவில்லை.

அக்கா


பாட்ஸ்பியோர்ட்
10.03.2024, ஞாயிறு

அக்கா,

அவளுடைய பெயர் பெரித்.

நீங்கள் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வெள்ளைக்காரி என்றுதான் சொல்வீர்கள். அது முடிந்த கதை என்று எழுதியிருந்தீர்கள். முடியவில்லை. முடிந்துவிட்டது என்று நான் உங்களுக்குச் சொன்னது பொய். 2013இல் கோர்ட்டில் பதிந்து கல்யாணம் செய்தோம். நான் இருப்பது தொழிற்சாலை அறையில் இல்லை, அவளுடைய வீட்டில். நீங்கள் ஒருதரமும் தபாலில் ஒன்றும் அனுப்பாமல் எல்லாவற்றையும் லொறியில் கொடுத்துவிட்டதால் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

ஜனவரியில் வயிற்றில் புற்று என்று கண்டார்கள். கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பெப்ரவரி பத்து, சனிக்கிழமை காலை போய்விட்டாள். அன்று நான் அங்கிருந்து திரும்பி வரும்போதுதான் மலைப்பாதையை மறித்திருந்தார்கள். அடுத்த நாள் உங்களுக்குப் பத்து வரி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

இங்கே அவளுடைய ஆட்கள் தங்கள் தேவாலயத்தில் வைத்துப் பாட்டுப் பாடி, மண் போட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். எனக்கு மட்டும் ஒன்றும் செய்யாதது போல இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மச்சம் விட்டேன், முகம் வழிக்கவில்லை. நாள் முழுக்க மீனுக்குள் நின்றுவிட்டு வந்து பாணும் ஜாமும் சாப்பிடுகிறேன். என்ன இது என்று இவர்கள் கேட்கிறார்கள். என் மனைவிக்கு என்று சொன்னேன், அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள்.

2011 கோடையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தேன். நீங்கள் சுன்னாகத்தில் எனக்குப் பெண் பேசி, அவர்களுக்கு வாக்கும் கொடுத்து வைத்திருந்தீர்கள். உங்களுக்கு அது பெரிய தலைக்குனிவு என்று எனக்குத் தெரியும், அதில் என் பிழையும் இருக்கிறது. கடைக்குள் சனம் நின்றது. அவள் கதவடியில் நின்றாள், நான் மட்டும் உள்ளே வந்தேன். நீங்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். கத்தியைக் கீழே வைக்காமல் சொன்னீர்கள், "அவள் செத்தாலும் எனக்குத் துடக்கு இல்லை எண்டு போய்ச் சொல்லு."

நான் வெளியே வந்தேன். அக்கா என்ன சொன்னா என்று பெரித் கேட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். பெட்டியைக் கவனமாக அடுக்கி அனுப்பச் சொன்னா என்று சொன்னேன். அந்த நேரத்தில் வாயில் வந்த பொய் அது.

அவள் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் வேலை. அடுத்த சனிக்கிழமையில் இருந்து உங்கள் பெட்டியை ஒருவரையும் தொடவிடவில்லை. உங்கள் ஆட்கள் மீனில் எதைப் பார்ப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். கண்ணை என்றேன். தாள் வெட்டி வைக்கத் தொடங்கினாள். நீங்கள் போனில் புகழும்போது பக்கத்தில்தான் இருப்பாள். அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். முகம் எல்லாம் சிவந்துபோகும். செவ்வாய்க்கிழமை வந்தால், அக்கா திறந்துவிட்டாவா, என்ன சொன்னா என்று கேட்பாள். ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். நல்லது என்று சொன்னா என்றேன். அன்றைக்குத்தான் உங்கள் முதல் கடிதம் லொறியில் வந்துகொண்டிருந்தது.

நீங்கள் பதின்மூன்று வருடம் புகழ்ந்த கை என்னுடையது இல்லை அக்கா. நான் முதல் நாலைந்து வருடம் அடுக்கிய குரங்குதான்.

லூக்காஸைக் கோபிக்க வேண்டாம், சொல்ல வேண்டாம் என்று கேட்டது நான். எங்கள் கல்யாணம் கமலாதேவி அக்காவுக்குத் தெரியும். ஒஸ்லோவில் பாதிச் சனத்துக்குத் தெரியும். உங்கள் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை. நானும் அப்படித்தான். அவள் செத்துப்போனாள் என்று நான் சொல்ல, நீங்கள் அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அதைத் தாங்க எனக்கு உடம்பில் பலம் இல்லை.

நாளைக்கு முப்பத்தொன்று. ஐயர் இல்லை, சமைத்துப் படைக்க எனக்கு மனமும் இல்லை. படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வைப்பேன்.

இந்தக் கடிதம் பன்னிரண்டாம் தேதி உங்கள் கைக்கு வரும். இந்தப் பெட்டியை நானே அடுக்கினேன். அவள் வைத்தது போலத் தாள் வைத்துப் பார்த்தேன், எனக்குச் சரியாக வரவில்லை. வேண்டாம் என்றால் லூக்காஸிடம் திருப்பிக் கொடுங்கள், அவன் வேறு இடத்தில் இறக்குவான்.

மகேசன்


ஒஸ்லோ
12.03.2024, செவ்வாய்

என் தம்பி,

காலையில் பெட்டி திறந்து, கையுறையோடு நின்றபடியே படித்தேன்.

என் புத்தி எப்படிப்பட்டது என்று கேள். எல்லாம் படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, சந்தேகம். நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன், இவன் கோபத்தில் கூட்டி எழுதுகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. சாருகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு அப்போது பதினாலு வயது, கல்லாவில் நின்றிருப்பாள்.

"ஓம் அம்மா, சொன்னனீங்கள்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. "அந்த அன்ரி கதவடியிலை நிண்டவ. எனக்குக் கை காட்டினவ. நான் திருப்பிக் காட்டேல்லை, நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டியள்."

அதற்குப் பிறகு நான் பின்பக்கம் போய் ஐஸ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாருகா வந்து ஜக்கெட்டைப் போர்த்துவிட்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மகேசன். ஒருத்தி பதின்மூன்று வருடம் என் கடைக்கு வேலை செய்திருக்கிறாள், நான் சொல்லாத ஒரு சொல்லை நம்பி. நான் சொன்ன சொல் அவள் காதிலேயே விழுந்தது, விளங்கவில்லை என்பது மட்டும்தான். நீ சொன்ன பொய்க்கு நான் உன்னைக் கும்பிட வேண்டும். என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கிறேன். அவளிடம் கேட்கத்தான் வழியில்லை.

கடையைப் பூட்டிவிட்டேன். எட்டு நாளைக்கு. உன் அத்தான் பஸ் ஓட்டிவிட்டுச் சாப்பிட வந்தவர், "உமக்குத் துடக்கு இல்லையே, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு எங்காலை? அதுவும் முப்பத்தொண்டு நேற்றோடை முடிஞ்சுது" என்றார். முறை அவருக்கு நன்றாகத் தெரியும். பிந்திக் கேள்விப்பட்டால் முழுகினால் போதும் என்றும் சொன்னார். எனக்குப் போதாது என்றேன். சாப்பிட்டுவிட்டு அவரே ஏணி எடுத்து வந்து கதவில் தாளை ஒட்டினார். துடக்குக் காரணமாகக் கடை பூட்டு என்று தமிழில் நான் எழுதினேன். நோர்வேஜிய மொழியில் சாருகா எழுதினாள், குடும்பத்தில் ஒரு மரணம் என்று.

வந்த பெட்டிகளைத் திருப்பவில்லை. சிவானந்தனுக்குப் போன் எடுத்து வான் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து ஏற்றினான். நீ வைத்த தாள் சில இடத்தில் விலகித்தான் இருந்தது, ஆனால் கண் ஒன்றும் வெளுக்கவில்லை. அடுத்த கிழமையும் அனுப்பு, அதற்கடுத்த கிழமையும். துரொம்சோக்காரரை நான் இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தாளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கமலாதேவி வந்தா. வாசித்துவிட்டு, "ஆருக்கு அக்கா?" என்று கேட்டா.

"என்ரை மச்சாளுக்கு" என்றேன்.

பையைக் கீழே வைத்தா. "பெரித்துக்கோ?" என்று கேட்டா.

ஓம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டா. தான் அங்கே வேலைக்குப் போன முதல் மாரிக்குளிரில், கை விறைத்து நின்றபோது பெரித் தன் கையுறையைக் கழற்றித் தந்ததாகச் சொன்னா. இத்தனை வருடம் கிழமைக்கு இரண்டு தரம் என் முன்னால் நின்று மீன் வாங்கியவ, இன்றைக்குத்தான் அதை எனக்குச் சொல்ல முடிந்திருக்கிறது. இன்னும் எத்தனை பேரிடம் என்னென்ன இருக்கிறதோ தெரியாது. இனிக் கேட்கப் போகிறேன்.

சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன், சாருகாவும் வருகிறாள். நீ இன்னும் மச்சம் தொட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். தொடாதே. நான் வந்து அந்த வீட்டில் சமைத்துப் படைத்தபிறகு சாப்பிடு. இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைக்கும், அன்றைக்காவது போனை எடு. நான் வருவது வேண்டாம் என்றால் சொல், கோபிக்கமாட்டேன், ஆனால் சொல்.

இந்தக் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவர்கள் வாய் திறக்கமுதல் எடுத்து வைப்பேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரித்துக்கு எந்த மீன் விருப்பம்?

அக்கா